பெரிய டயர் போட்டால் வண்டி பெரிதாகிவிடுமா?

கலாசிபாளையத்திலிருந்து ஜே.சி. ரோடு வரை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும், பெங்களூரில் வண்டியை நம்பி வாழ்கிற நம்மவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். லாரி புக்கிங் ஆபீஸ், டயர் கடை, பஞ்சர் கடை, கமான் பட்டை அடிக்கிற பட்டறை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று எங்கே நின்றாலும் காதில் தமிழ் விழும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்திலிருந்து வந்து லாரித் தொழிலில் காலூன்றியவர்கள் ஒரு வகை. ஒரே ஒரு பிக்கப் வண்டியைக் கடனில் வாங்கி, விடியற்காலையில் ஓசூர்ப் பக்கத்துக் காய்கறியை ஏற்றிவந்து மார்க்கெட்டில் இறக்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாம் வகையினருக்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்கும்தான், ஆர்.சி.யில் இருப்பதையும் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பதையும் வீட்டில் படித்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே.

என் தங்கை வீட்டுக்காரர் அப்படி ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். ஒரு கோடைகாலத்தில் இரண்டு மாதத்துக்குள் அவருக்கு இரண்டு பின்டயர் வெடித்தது. ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “மச்சான், நாலு வீலையும் ஃபோர் நாட் செவன் சைசுக்கு மாத்திட்டேன். இனி ரெண்டு டன் ஏத்தினாலும் கவலையில்லை. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். வண்டி உயர்ந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு தொழிற்சாலையின் வண்டிப் பணிமனையில் பல வருடம் இருந்தவன். அதனால் எனக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சி இல்லை. “மாப்ளே, ஆர்.சி.யைக் கொண்டாங்க” என்றேன்.

எடைக் கணக்கு

சரக்கு வண்டியின் பதிவுச் சான்றில் பலரும் பார்க்காத இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வெற்று எடை, மற்றொன்று பாரத்தோடு சேர்த்த மொத்த எடை. அவருடைய வண்டிக்கு வெற்று எடை 1,720 கிலோ, மொத்த எடை 2,980 கிலோ. கழித்தால் 1,260 கிலோ. டிரைவர், கிளீனர், தார்ப்பாய், கயிறு எல்லாம் இதற்குள் அடக்கம். முழு பாரத்தில் பின் அச்சின் மேல் விழக்கூடியது சுமார் 1,900 கிலோ என்று கம்பெனிப் புத்தகத்தில் இருந்தது. இரண்டு டயருக்குப் பிரித்தால் ஒரு டயருக்கு 950 கிலோ.

இனி அவர் கழற்றிப் போட்ட பழைய டயரைப் பார்ப்போம். 7.00 ஆர் 15 எல்.டி. என்ற அளவு. 7.00 என்பது அங்குலக் கணக்கில் டயரின் அகலம். ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம். எல்.டி. என்பது இலகு சரக்கு வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம். பக்கத்திலேயே 12 பி.ஆர். என்றும் 117/116 என்றும் போட்டிருந்தது. இந்தக் கடைசி எண்தான் நமக்கு முக்கியம். இது பார எண். உலகம் முழுக்க ஒரே அட்டவணை: 100 என்றால் 800 கிலோ, 117 என்றால் 1,285 கிலோ, 121 என்றால் 1,450, 122 என்றால் 1,500. முதல் எண் ஒற்றை டயருக்கு. கோட்டுக்குப் பின்னால் வரும் எண், பின்புறம் ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொரு டயருக்கும். பெரிய லாரிகளில் ஓடும் 10.00 ஆர் 20 டயரில் 146/143 என்று பார்க்கலாம். தனியாக 3,000 கிலோ, ஜோடியில் ஆளுக்கு 2,725. ஜோடியில் ஏன் குறைகிறது? பக்கத்து டயரின் சூடும் சேர்ந்துகொள்கிறது, ரோட்டின் மேடு பள்ளத்தில் பாரம் ஒருபோதும் சரிபாதியாகப் பிரிவதில்லை. கூட்டுக் குடித்தனம் மாதிரிதான்.

12 பி.ஆர். என்பதை நம் ஆட்கள் “பன்னிரண்டு பிளை” என்பார்கள். பருத்தி நூல் அடுக்கி டயர் செய்த காலத்தில் உண்மையிலேயே அத்தனை அடுக்கு இருந்தது. இன்றைக்கு நைலானும் எஃகுக் கம்பியும் வந்தபிறகு, அடுக்கை எண்ணினால் 12 இருக்காது. பழைய பருத்தி டயரோடு ஒப்பிட்ட பலம் என்ற அளவில் மட்டும் அந்த எண் தங்கிவிட்டது.

ஆக, கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் ஒன்று 1,285 கிலோ தாங்கும். வண்டிக்குத் தேவை 950 கிலோ. டயரில் ஏற்கனவே தாராளமாக இடம் இருந்தது. பிறகு ஏன் வெடித்தது?

தாங்குவது காற்று

டயரின் ரப்பர்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். ரப்பரும் நூலும் கம்பியும் சேர்ந்து ஒரு பை, அவ்வளவுதான். பாரத்தைத் தாங்குவது அந்தப் பைக்குள் அடைபட்ட காற்று. 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றுக்குழாய் செய்த நாளிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டயரின் மேல் 1,000 கிலோ, உள்ளே 65 பவுண்டு காற்று என்று வைத்துக்கொள்வோம். 65 பவுண்டு என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.6 கிலோ. 1,000-ஐ 4.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். அந்த டயர் ரோட்டைத் தொடும் இடம் மொத்தம் அவ்வளவே. நம் தபால் அட்டை இரண்டைப் பக்கத்தில் வைத்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். காற்று பாதியானால் அந்த இடம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். அதற்கு டயர் நசுங்கியாக வேண்டும். நசுங்கிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் கையில் சுடுவதுபோல, பக்கச்சுவர் உள்ளுக்குள்ளே சூடேறிக் கடைசியில் பிரிந்துபோகிறது. வெளியே பார்த்தால் “வெடித்தது” என்போம். உண்மையில் அது பல மணி நேரமாக வெந்துகொண்டிருந்தது.

டயரில் எழுதியிருக்கும் 1,285 கிலோ, அதன் பக்கத்திலேயே குறித்திருக்கும் முழுக் காற்று இருந்தால் மட்டும். மாப்பிள்ளையைக் கேட்டேன், எத்தனை பவுண்டு வைப்பீர்கள் என்று. “வெறும் வண்டியா ஓசூர் போறப்ப தூக்கித் தூக்கிப் போடுதுன்னு நாப்பது வைப்பேன் மச்சான். லோடு ஏத்தினப்புறம் அந்த நேரத்துல காத்துப் பிடிக்க எங்க போறது?” என்றார். விடை அதிலேயே இருந்தது. நாற்பது பவுண்டில், இரண்டு டன் பாரத்தில், ஏப்ரல் மாத வெயிலில் எந்த டயரும் நிற்காது.

இரண்டு டன் என்றதைக் கவனியுங்கள். அனுமதித்த 1,260-க்கு மேலே 740 கிலோ. அது பெரும்பாலும் பின் அச்சின் மேல்தான் உட்காரும். அப்போது பின் அச்சுக்கு 2,600 கிலோவாகிவிடும், ஒரு டயருக்கு 1,300. முழுக் காற்று இருந்தாலே எல்லையைத் தாண்டிய கணக்கு. பெரிய டயர் போட்டால் இது சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். டயர் அளவில் அது பொய்யும் இல்லை. 7.50 ஆர் 16 டயரில் 121, 122 என்ற எண்கள் உண்டு; 1,450, 1,500 கிலோ தாங்கும். அந்த 2,600 கிலோவை டயர் தாங்கிவிடும். ஆனால் அச்சு?

வண்டியின் பலம் ஒரு சங்கிலி. டயர், ரிம், போல்ட், பேரிங், அச்சு, கமான் பட்டை, சேஸ், பிரேக் எல்லாம் அதில் ஒவ்வொரு கண்ணி. ஒரு கண்ணியைத் தடிமனாக்கினால் சங்கிலி பலமாகாது. அறுகிற இடம் மட்டும் மாறும். வெடித்தால் சத்தம் போட்டு எச்சரிக்கிற டயரை விட்டு, சத்தம் போடாமல் விட்டுப்போகிற வேறொரு இடத்துக்கு மாறும். அதுதான் எனக்குப் பயம்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் 475-ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். மயிலிறகு ஏற்றிய வண்டிதான். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அதுவும் முறியும் என்கிறார். முறிவது எது? சக்கரம் என்று வள்ளுவர் சொல்லவில்லை, அச்சு என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் உவமை. பட்டறைக்காரன் கண்ணில் பார்த்தால் சரியான இடத்தைக் கைகாட்டும் பொறியியல். புறநானூற்றில் ஔவையார் பாடிய 102-ஆம் பாட்டிலும் உப்பு வணிகர்கள் வண்டிக்கடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். மேடு பள்ளத்தில் எது முதலில் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று நாம் கட்டிக்கொண்டு போவது ஸ்டெப்னியை. (அந்தப் பெயர் வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அங்கே உதிரிச் சக்கரம் விற்ற கம்பெனியின் பெயர் நம் ஊரில் நிலைத்துவிட்டது.)

ஐந்தரை சென்டிமீட்டர்

பழைய டயரையும் புதிய டயரையும் பக்கத்தில் நிறுத்தி டேப் வைத்து அளந்தோம். பழையது குறுக்கே 75 செ.மீ., புதியது எண்பதரை. வித்தியாசம் ஐந்தரை சென்டிமீட்டர். “இவ்வளவுதானே மச்சான்” என்றார். விகிதமாகப் பார்த்தால் நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். அந்த ஏழு என்னென்ன செய்கிறது என்று பாருங்கள்.

வேகமானி கியர்பாக்சின் சுற்றை எண்ணுகிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. ஆகவே முள் 60-இல் நிற்கும்போது வண்டி 64-க்கு மேல் ஓடுகிறது. ஓடிய தூரமும் குறைத்தே பதிவாகும். மீட்டரில் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால் உண்மையில் ஒரு லட்சத்து ஏழாயிரம். ஆயில் மாற்றுவது, பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது எல்லாம் தள்ளிப்போகிறது. பெரிய டயர் போட்டபின் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு, விழுந்தது மைலேஜ் மட்டுமல்ல, மீட்டரின் கணக்கும்தான்.

அடுத்தது இழுவை. அச்சு சுழலும் முறுக்கு அதே அளவு. சக்கரத்தின் ஆரம் கூடியதால் ரோட்டைத் தள்ளும் விசை ஏழு பங்கு குறைகிறது. மேடேறும்போது முதல் கியரில் கிளட்சை அதிகம் பிடிக்க வேண்டிவரும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். இது பணச்செலவோடு போகிற விஷயம்.

பிரேக் அப்படியல்ல. அங்கேயும் அதே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. டிரம் பிடிக்கும் பிடி அதேதான். ஆரம் கூடினால் ரோட்டில் வண்டியை நிறுத்தும் விசை ஏழு பங்கு குறைவு. அதோடு, 60 என்று நினைத்து 64-இல் வருகிறோம். வேகத்தின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நிறுத்த வேண்டிய ஆற்றல் நூற்றுக்கு 15 கூடுகிறது. பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக்கின் பலம்தான் எல்லை என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கினால், வண்டி நிற்க எடுக்கும் தூரம் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகமாகிறது. 20 மீட்டரில் நின்ற வண்டி 25 மீட்டரில் நிற்கும். இதன்மேல் மொத்த எடையில் கால் பங்கு கூடுதல் பாரமும் ஏற்றினால் 30 மீட்டரைத் தாண்டும். எல்லாம் அந்த ஐந்தரை சென்டிமீட்டரில் தொடங்கியது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தலையாட்டினார். ஆனால் செலவழித்தது செலவழித்ததுதானே, கழற்ற மனம் வரவில்லை. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து யஷ்வந்தபுரம் மண்டியிலிருந்து சேலத்துக்கு உருளைக்கிழங்கு லோடு கிடைத்தது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இந்த 600 மீட்டர் இறக்கத்தில் ஒரு பெரும் பங்கு கிருஷ்ணகிரிக்கு முன்னால் போய்விடும். மீதியில் மிக மோசமானது தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாய். அந்தப் பெயரைக் கேட்டாலே லாரிக்காரர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். அங்கே நடந்த விபத்துகள் அத்தனை.

ராத்திரி பதினோரு மணிக்குத் தொப்பூர் தாண்டி ஒரு டீக்கடையிலிருந்து போன் செய்தார். குரல் சரியாக இல்லை. பாதி இறக்கத்தில் பிரேக் மிதி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது; தீய்ந்த வாடை வந்திருக்கிறது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு எப்படியோ கீழே வந்துவிட்டார். முன்னால் போன லாரிக்குப் பத்தடி தூரம்தான் இருந்ததாம். தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை. (இப்போது அவரே சொல்லிவிட்டார், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.)

நடந்தது என்ன? இறக்கத்தில் பிரேக் செய்வதெல்லாம் உயரத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றுவது. பாரம் கூடினால் சூடு கூடும். சக்கரத்தின் ஆரம் கூடினால், அதே விசைக்கு இன்னும் அழுத்தமாக மிதிக்க வேண்டும். என்ஜினும் வண்டியைப் பிடித்துநிறுத்த உதவுவதில் ஏழு பங்கு தளர்ந்துவிட்டது. டிரம் சூட்டில் விரிந்து, லைனிங் பிடியை இழந்து, மிதி ஆழமாகப் போகிறது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தம் புதுசாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தது.

ரிம் என்கிற ரகசியம்

வண்டி திரும்பி வந்ததும் சக்கரங்களைக் கழற்றி வெயிலில் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஃபோர் நாட் செவன் ரிம்மின் போல்ட் ஓட்டைகள் இந்த வண்டியின் ஹப்பில் பொருந்தவில்லை. ஒரு பட்டறையில் ரிம்மின் நடுத்தட்டை வெட்டியெடுத்து, வேறொரு தட்டை வைத்து வெல்டிங் செய்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ரிம்மில் வெல்டிங் ஓரமாகத் தலைமுடி அளவுக்கு விரிசல். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

ரிம் மாற்றும்போது நான்கு விஷயம் பொருந்த வேண்டும். போல்ட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், ஹப் நுழையும் நடு ஓட்டை, கடைசியாக ஆஃப்செட் எனப்படும் உள்வாட்டம். முதல் மூன்றும் பொருந்தாவிட்டால் மாட்டவே முடியாது, ஆகவே பிடிபட்டுவிடும். நான்காவது பிடிபடாது. ரிம் இரண்டு அங்குலம் வெளியே தள்ளி நின்றால், பேரிங்கின் மேல் பாரம் நேராக விழாமல் நெம்புகோல்போல விழுகிறது. முன்சக்கரத்தில் கிங்பின்னும் ஸ்டீயரிங் மூட்டுகளும் தேய்கின்றன. ஸ்பேசர் என்று நடுவில் தட்டு வைத்து அகலமாக்குவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அழகுக்காகச் செய்கிற பையன்களைச் சொல்லிப் பயனில்லை. பாரம் ஏற்றுகிற வண்டியில் அது வேண்டவே வேண்டாம்.

ரிம்முக்கும் டயருக்கும் அரை அங்குலம்கூட மாறக்கூடாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் 16 அங்குல ரிம்மும் பதினாறரை அங்குல ரிம்மும் ஒரே சமயத்தில் புழக்கத்தில் இருந்தன. 16 அங்குல டயரைப் பதினாறரை ரிம்மில் ஏற்றிவிட முடியும். ஆனால் ஓரம் சரியாக உட்காராது. உட்காரட்டும் என்று காற்றை ஏற்றிக்கொண்டே போனபோது வெடித்து உயிர்ப்பலி ஆனவர்கள் உண்டு. நம் பழைய லாரி ரிம்களில் லாக் ரிங் இருக்கிறதே, அதுவும் அப்படிப்பட்டதுதான். சரியாக உட்காராத வளையம் காற்று ஏற்றும்போது குண்டுபோலத் தெறிக்கும். அனுபவமுள்ள பஞ்சர் கடைக்காரர் அதை இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ, சங்கிலி சுற்றியோதான் காற்றுப் பிடிப்பார். அருகில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர் கேட்கலாம்: இங்கே பெரிய பிக்கப் வண்டிகளில் கம்பெனி கொடுத்த சக்கரத்தை எடுத்துவிட்டு, லாரித் தரத்திலான பத்தொன்பதரை அங்குலச் சக்கரம் போடுகிறார்களே என்று. உண்மைதான். பெரிய டிரெய்லர் இழுக்கிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். அந்த டயர்கள் கெட்டியானவை, நீண்ட நாள் உழைக்கும். வெறும் வண்டியில் கட்டைவண்டிபோல ஆட்டும் என்பதும் உண்டு. அதற்கென்றே தயாரித்த ரிம் அங்கே கடையில் கிடைக்கிறது, வெட்டி ஒட்டுவதில்லை. அப்படிப் போட்டாலும், டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மொத்த எடை ஒரு பவுண்டும் கூடாது. அங்கேயும் அச்சு அச்சுதான்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலேயே டயரின் எண்ணிக்கை, அளவு, பிளை மூன்றையும் எழுதுகிறோம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகப் பொருள்கொண்டு தீர்ப்பு வழங்கியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் உதிரிபாகம் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. விபத்து என்று ஒன்று நடந்து இன்சூரன்சுக்குப் போனால், வெல்டிங் வைத்த ரிம்மைப் பார்த்துவிட்டு என்ன கேள்வி கேட்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு தவறான நம்பிக்கை நம்மவர்களிடம் பரவியிருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தைக் கூட்டியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 டன் ஆனது. “கவர்மெண்டே கூட்டிட்டாங்க, நாமளும் ஏத்தலாம்” என்று பிக்கப்காரர்கள் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது கனரக வாகனங்களின் அச்சுக்கு ரோடு தாங்கும் உச்ச வரம்பு. உங்கள் பிக்கப்பின் வரம்பு ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் எண் மட்டுமே.

அப்படியானால் டயரில் எதையுமே மாற்றக்கூடாதா என்றால், மாற்றலாம். டயரின் உயரத்தையும் ரிம்மையும் அப்படியே வைத்துக்கொண்டு தரத்தைக் கூட்டலாம். நைலான் டயர் ஓடுகிற வண்டிக்கு, கம்பெனி அனுமதிக்கும் அதே அளவு ரேடியல் போடலாம். சூடு குறையும், எண்ணெயும் கொஞ்சம் மிச்சமாகும். ஒரே அச்சில் இரண்டையும் கலக்கக்கூடாது. பி.ஆர். எண் கம்பெனி சொன்னதைவிடக் குறையக்கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் வகை டயரைச் சரக்கு வண்டிக்குப் போடுவது பெரிய டயர் போடுவதைவிட மோசமான தவறு. வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. கடை அலமாரியிலேயே கிழடான டயரைப் புதுசு என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. காற்றைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக்கூடாது.

மாப்பிள்ளை பழைய ரிம்களை மொட்டை மாடியில் போட்டு வைத்திருந்தது நல்லதாயிற்று. அதே 7.00 ஆர் 15, 12 பி.ஆர். டயர் வாங்கி மாட்டினோம். 16 அங்குல டயர்களை ஒரு ஃபோர் நாட் செவன்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். வெல்டிங் வைத்த ரிம்களை யாருக்கும் விற்கக்கூடாது என்று நான் சொல்லி, கேஸ் கட்டரால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டோம். அதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

பாரத்தின் கணக்கு மட்டும் எளிதாகத் தீரவில்லை. ஒரு நடைக்கு 740 கிலோ குறைந்தால் வாடகையும் குறைகிறது. வண்டிக் கடனின் தவணை குறைவதில்லை. மண்டிக்காரர் முதலில் முறைத்தார். பிறகு, பக்கத்துத் தெருவில் இன்னொரு பிக்கப் வைத்திருப்பவரோடு சேர்ந்து லோடைப் பிரித்துக்கொண்டார்கள். வருமானம் முன்பைவிடக் குறைவுதான். டயர், கிளட்ச், அபராதம் என்று போனது இப்போது போகவில்லை என்பதால் சமாளிக்கிறார். கடன் முடிந்ததும் இதைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யிலேயே இரண்டு டன் இருக்கிற வண்டியாக வாங்க வேண்டும் என்கிறார். அதுதான் நேர் வழி.

தங்கை மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தினமும் மாலை வண்டி வந்து நின்று ஆறியபின் ஐந்து டயருக்கும் அளந்து, தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறாள். போன வாரம் பார்த்தேன். ஸ்டெப்னிக்கு நேரே நான்கு நாளாக ஒன்றும் எழுதவில்லை. “அது அடியில மாட்டியிருக்கு மாமா, எனக்குக் கை எட்டலை” என்றாள். வால்வுக்கு நீட்டுக்குழாய் ஒன்று ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். சனிக்கிழமை போகும்போது வாங்க வேண்டும்.